வேடந்தாங்கலில் ஒரு பகல், எக்ஸெல்லில் ஒரு இரவு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே கதை தான். முதல் வாரம் பாட்டு, சினிமா. இரண்டாவது வாரம் கேம்ஸ். மூன்றாவது வாரம் கல்யாண ஆல்பத்தை எல்லாம் காப்பி செய்து வைப்பார்கள். அதன் பிறகு, "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும்.

மதுராந்தகத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே அவரிடம் பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில், பீரோவுக்குள் அடுக்கி வைத்திருந்த பதினொரு நோட்டுப் புத்தகங்கள்.

சித்தப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேடந்தாங்கலுக்குப் போய், பறவைகளை எண்ணி நோட்டில் எழுதி வைப்பது அவருடைய பல வருடப் பழக்கம். இப்போது அவருக்குக் கண்ணில் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றத் தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தான் கம்ப்யூட்டர்.

"நோட்டுல இருக்கறதை எல்லாம் இதுல ஏத்தணும்ப்பா. என் கையெழுத்து எனக்கு மட்டும் தான் புரியும். நான் படிச்சுச் சொல்ல முடியற வரைக்கும் தான் அதுக்கு மதிப்பு" என்றார்.

நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். "இவ்வளவு தானே சித்தப்பா, ரெண்டு ஞாயித்துக்கிழமைல முடிச்சிடலாம்" என்று சொன்னேன். அவர் ஒத்துக் கொள்ளவில்லை. "முதல்ல என் கூட ஒரு நாள் ஏரிக்கு வா. என்ன எழுதி இருக்கேன்னு தெரியாம டைப் அடிச்சா, தப்பாத் தான் அடிப்ப" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று இரவே தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு செய்தோம். சனிக்கிழமை இரவே நான் நான்கு வேலைகளை முடித்து வைத்தேன். நீங்களும் இப்படிச் செய்வது நல்லது.

முதலாவது, கேமராவின் தேதி, நேரத்தைச் சரி பார்த்தேன். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தின் பைலுக்குள்ளும் எடுத்த நேரத்தை எழுதி வைக்கிறது. பேட்டரி பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் சில கேமராக்களில் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அந்த நிலையில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் தேதி வாரியாக அடுக்கினால் வரிசை எல்லாம் குழம்பிவிடும்.

இரண்டாவது, ஸ்மார்ட் போனில் இரண்டு அப்ளிகேஷன்களைப் பதிந்து கொண்டேன். ஒன்று இ-பேர்ட். பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவதற்கானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002ல் தொடங்கிய திட்டம் இது. மற்றொன்று அதே ஆய்வகத்தின் மெர்லின். போட்டோவையோ குரலையோ கொடுத்தால், அது எந்தப் பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். இரண்டுமே இலவசம். இரண்டிலும் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே டவுண்லோட் செய்து கொண்டால், ஏரிக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

மூன்றாவது, பைனாகுலர். அதன் மேல் 8x42 என்பது போல எழுதி இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லி மீட்டரில். மடங்கு கூடினால் நல்லது என்று நினைத்து விடாதீர்கள். மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் குறையும். புதியவர்களுக்கு 8 மடங்கு போதும். கேமராவில் உள்ள டிஜிட்டல் ஸூமையும் நம்ப வேண்டாம். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் வேலை தான். அதை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலேயே செய்து கொள்ளலாம்.

நான்காவது, ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். இது சித்தப்பாவின் கட்டளை. "பென்சிலுக்கு சார்ஜ் போட வேண்டாம்" என்றார்.

இருநூறு வருடத்துக்கு முந்தைய அனுமதிச் சீட்டு

காலை ஐந்தரை மணிக்கு பைக்கில் கிளம்பினோம். வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையில் இருந்து ஏறக்குறைய 80 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மதுராந்தகத்தில் இருந்து பக்கம் தான். பெரிய காடு எதுவும் இல்லை. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரி, அதற்குள் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், கருவேல மரங்கள், ஒரு பக்கம் கரை, கரையில் நடைபாதை, பார்வைக் கோபுரம். அவ்வளவு தான்.

இந்தச் சின்ன ஏரிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்ட போது ஊர் மக்கள் அதை எதிர்த்து முறையிட்டார்கள். 1790களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். இதைக் 'கவுல்' என்பார்கள். 1858ல் அது மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. 1936ல் ஏரி சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022ல், உலக அளவில் முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஊர் மக்கள் ஏன் இவ்வளவு அக்கறை காட்டினார்கள்? ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. உரம் கடையில் விற்காத காலத்தில் இது எவ்வளவு பெரிய லாபம் என்று எண்ணிப் பாருங்கள். பறவைக்கு மரம், மனிதனுக்கு உரம். இரு தரப்புக்கும் நல்ல ஒப்பந்தம்.

எத்தனை என்று எப்படி எண்ணுவது?

கரையில் ஏறியதும் முதலில் வந்தது சத்தம். கூட்டில் இருக்கும் குஞ்சுகள் இரை கேட்டுக் கத்துவதும், நாரைகள் அலகைத் தட்டுவதும் சேர்ந்து பெரிய சந்தை போல இருந்தது. தண்ணீருக்கு மேல் இருந்த ஒவ்வொரு மரமும் வெள்ளையாகத் தெரிந்தது.

மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள். அலகுக்கடியில் பை தொங்கும் கனத்த பறவை. அதற்குக் கீழே நத்தைகுத்தி நாரைகள். இதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். பெயரிலேயே இருப்பது போல நத்தை தான் முக்கிய உணவு. மஞ்சள் மூக்கு நாரைகளின் வால் பக்கத்தில் இளஞ்சிவப்பு இறகு இருந்தது. வெயில் ஏறியதும் தாய்ப் பறவை இறக்கையை விரித்துக் குடை மாதிரி பிடித்து நின்றது. குஞ்சுகள் அந்த நிழலில் உட்கார்ந்திருந்தன. ஒரு மரத்தின் உள் கிளைகளில் வக்காக்கள் தூங்கிக் கொண்டிருந்தன. அவை இரவு டியூட்டிக்காரர்கள். நீர்க்காகங்களும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்துக் காய வைத்துக் கொண்டிருந்தன.

சித்தப்பா பைனாகுலரைப் பிடித்தபடி, "எந்த மரம்? எத்தனையாவது கிளை?" என்று கேட்டுக் கேட்டுத் தான் பார்த்தார். அவருக்கு நடுப் பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது. லென்ஸுக்குள் வந்துவிட்ட பறவை தெளிவாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் இருந்து பறந்து வருவது தெரியாது. அதைத் தேடிப் பிடித்து லென்ஸுக்குள் கொண்டு வரத் தான் ஆள் வேண்டும். அன்று அந்த வேலை எனக்கு.

முதல் மரக் கூட்டத்தைப் பார்த்து நான் இ-பேர்டில் 'நத்தைகுத்தி நாரை 500' என்று அடித்தேன்.

"எப்படி ஐநூறு?" என்றார் சித்தப்பா.

"சும்மா ஒரு கணக்கு தான்."

"சும்மாக் கணக்குன்னு ஒரு கணக்கு கிடையாது" என்று சொல்லிவிட்டு, எண்ணும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு ஓரத்தில் இருந்து தொடங்கி முதல் பத்துப் பறவைகளை ஒன்று ஒன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் பதித்துக் கொள்ள வேண்டும். பிறகு அதே அளவு இடம் அந்தக் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பார்க்க வேண்டும். மிகப் பெரிய கூட்டம் என்றால் பத்துக்குப் பதிலாக ஐம்பதை அளவாக எடுத்துக் கொள்ளலாம். மரங்களை இடமிருந்து வலமாக எண் போட்டு, ஒவ்வொரு மரமாக எழுதிப் பிறகு கூட்ட வேண்டும். மொத்தமாகப் பார்த்துச் சொன்னால் நம் கண் ஏமாறும்.

அப்படி எண்ணிய போது எனக்கு வந்தது 310. ஐநூறு என்று அடித்த போது அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரியவே இல்லை.

எண்ண முடியாவிட்டால் என்ன செய்வது? இ-பேர்டில் அதற்கும் வழி இருக்கிறது. எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்தை மட்டும் கொடுக்கலாம். 'இருந்தது, எண்ணவில்லை' என்று பொருள். தெரியாத எண்ணை எழுதுவதை விட இது எவ்வளவோ மேல்.

மெர்லின் சொன்னால் போதுமா?

பத்து மணி சுமாருக்கு, தூரத்தில் தனியாக நின்ற ஒரு நாரையைப் படம் எடுத்தேன். மங்கலான பழுப்பு கலந்த வெள்ளை. சிவப்பு இறகு எதுவும் இல்லை. கேமராத் திரையில் தெரிந்ததைப் போனால் படம் எடுத்து மெர்லினுக்குக் கொடுத்தேன். அது கொடுத்த பட்டியலில் தென்கிழக்கு ஆசியாவில் வாழும் மில்கி ஸ்டார்க்கும் இருந்தது. நம் ஊரில் பார்க்கவே முடியாத நாரை! எனக்கு ஒரே சந்தோஷம். பதிய வேண்டியது தான் என்று விரலைக் கொண்டு போனேன்.

சித்தப்பா பைனாகுலரில் நிதானமாகப் பார்த்தார். "பக்கத்துல யார் நிக்கறாங்க?" என்றார். மஞ்சள் மூக்கு நாரைகள் தான் நின்றன. "உயரம் ஒண்ணு, அலகு வளைவு ஒண்ணு. இது போன சீசன் குஞ்சுப்பா. முழு நிறம் வர சில வருஷம் ஆகும்."

மெர்லின் போன்ற சாப்ட்வேர்கள் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படம் என்றால் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் நான் கொடுத்தது படத்தின் படம். அதுவும் மங்கல். அது தருவது 'இவற்றில் ஒன்றாக இருக்கலாம்' என்ற யோசனை மட்டுமே. தீர்ப்பு சொல்ல வேண்டியது நாம் தான். வழக்கத்துக்கு மாறான பறவையைப் பதிந்தால் இ-பேர்டும் சும்மா விடாது. விளக்கம் எழுதச் சொல்லும். அந்தப் பகுதியின் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர்கள் அதைப் பார்த்துக் கேள்வியும் கேட்பார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மீண்டும் கரைக்கு வந்தோம். சுற்று வட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இரை தேடப் போனவை எல்லாம் திரும்பத் தொடங்கின. வெள்ளை அரிவாள் மூக்கன்கள் வரிசை வரிசையாக வந்தன. "எங்க இருந்து வருதுன்னு சொல்லு, போதும்" என்றார் சித்தப்பா. நான் திசையைச் சொல்ல, அவர் முகத்தை அங்கே திருப்பிக் காத்திருந்தார். தலைக்கு மேல் வந்ததும் இறக்கைச் சத்தத்தை வைத்தே, "இது கொக்கு இல்லை, நாரை" என்றார். எண்ணிக்கை முழுவதையும் நான் தான் எழுதினேன். அவருடைய நோட்டில் வேறு கையெழுத்து விழுந்தது அன்று தான் முதல் முறை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை

பல பேர் படம் எடுப்பதோடு சரி. கார்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும் போது தான் படங்கள் காணாமல் போகின்றன. எனக்கே அது நடந்திருக்கிறது.

முந்தைய வருடம் வேடந்தாங்கலில் எடுத்த படங்களை 'பேர்ட்ஸ்' என்ற ஒரே போல்டரில் போட்டு வைத்திருந்தேன். பிறகு வேறொரு ஏரிக்குப் போய் வந்த படங்களையும் அதே போல்டரில் காப்பி செய்தேன். நடுவில் கேமராவில் புதிய மெமரி கார்டு போட்டிருந்தேன். அதனால் பைல் எண் மறுபடியும் 0001ல் இருந்து தொடங்கி இருந்தது. அதே பெயரில் பைல் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று விண்டோஸ் கேட்டது. அவசரத்தில் ரீபிளேஸ் என்பதில் கிளிக் செய்தேன். பழைய படங்களின் இடத்தில் புதிய படங்கள் உட்கார்ந்து கொண்டன. இப்படி ரீபிளேஸ் ஆகும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குக் கூடப் போகாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூழைக்கடா தன் குஞ்சுக்கு மீன் ஊட்டும் படம் அதோடு போயிற்று.

இப்போது நான் செய்வது இது தான். ஒவ்வொரு பயணத்துக்கும் தனி போல்டர். பெயர் வருடம், மாதம், நாள், இடம் என்ற வரிசையில் இருக்கும். உதாரணமாக, 2008-01-06 வேடந்தாங்கல். இப்படி வைத்தால் விண்டோஸ் பெயர் வரிசையில் அடுக்கும் போதே தேதி வரிசையும் வந்துவிடும். காப்பி செய்த பிறகு, கார்டில் எத்தனை பைல், போல்டரில் எத்தனை பைல் என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டாவது காப்பியும் எடுத்த பிறகு தான் கார்டை பார்மட் செய்வேன்.

கார்டிலேயே தவறுதலாக அழித்து விட்டால் பதற வேண்டாம். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். அழித்தல் என்பது பெரும்பாலும் அட்டவணையில் இருந்து பெயரை நீக்குவது தான். அந்த இடத்தில் வேறு பைல் எழுதப்படும் வரை படம் அங்கேயே இருக்க வாய்ப்பு உண்டு. போட்டோரெக் போன்ற இலவச சாப்ட்வேர் மூலம் மீட்கலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும்.

நோட்டில் இருந்து எக்ஸெல்லுக்கு

இரவுச் சாப்பாடு முடிந்ததும் வேலையைத் தொடங்கினோம். சித்தப்பா பூதக் கண்ணாடி வைத்துப் படித்தார். நான் டைப் செய்தேன்.

முதலில் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கொண்டோம். டைப் செய்வதில் தவறு வந்தால் திரும்பிப் பார்க்க மூலம் இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்து, எக்ஸெல்லில் தலைப்புகள். தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பறவை, எண்ணிக்கை, குறிப்பு, நோட்டு எண், பக்கம். ஒரு வரிசைக்கு ஒரு பறவை மட்டும். ஒரே நாளில் இருபது வகைப் பறவை பார்த்திருந்தால் இருபது வரிசைகள். தேதி திரும்பத் திரும்ப வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இப்படி அமைத்தால் தான் பிறகு பில்டர் போட்டு ஒரு பறவையை மட்டும், ஒரு வருடத்தை மட்டும் பிரித்துப் பார்க்க முடியும்.

பறவைப் பெயரை ஒவ்வொரு முறையும் கையால் அடிக்க வேண்டாம். 'கூழைக்கடா' என்று ஒரு முறையும் 'கூழைகடா' என்று ஒரு முறையும் அடித்தால், எக்ஸெல்லுக்கு அவை இரண்டு வேறு பறவைகள். பெயர்களை ஒரு தனி ஷீட்டில் எழுதி, டேட்டா மெனுவில் உள்ள டேட்டா வேலிடேஷன் மூலம் லிஸ்ட் ஆகக் கொடுத்து விடுங்கள். ஒவ்வொரு செல்லிலும் கீழ்விரி பட்டியல் வரும். தேர்ந்தெடுத்தால் போதும்.

நாற்பது வரிசை முடிந்ததும், வேலை எப்படி வந்திருக்கிறது என்று காட்ட ஊசிவால் வாத்தை மட்டும் பில்டர் செய்து மாதத்தோடு படித்தேன்.

"2008, ஜூன் ஒண்ணு. ஊசிவால் வாத்து, பன்னெண்டு."

சித்தப்பா கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஜூன்லயா? ஜூன்ல ஏதுப்பா ஊசிவால் வாத்து? அது குளிர் காலத்துக்கு வடக்க இருந்து வர்றது. கோடைக்கு முன்னாடியே கிளம்பிப் போயிடும். தப்பா அடிச்சிருக்க."

நோட்டைப் பார்த்தேன். 6-1-2008 என்று இருந்தது. ஷீட்டிலும் 6/1/2008 என்று தான் இருந்தது. தவறே இல்லை! பிறகு தான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் விண்டோஸ் பதிந்த போது அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் மாதம் முதலில், நாள் பிறகு. சித்தப்பாவின் ஜனவரி 6, எக்ஸெல்லுக்கு ஜூன் 1. பார்ப்பதற்கு ஒன்றாகவே தெரிவதால் கண்ணில் படவில்லை. 20-1-2008 என்று அடித்த வரிசைகளில் இருபதாவது மாதம் இல்லாததால், எக்ஸெல் அவற்றைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்திருந்தது.

தேதிகளைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வது என் தொழில். ஆனால் இந்தத் தவறைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. எந்த வாத்து எந்த மாதம் இருக்கும் என்று தெரிந்த ஒருவர். அவர் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் பதினொரு நோட்டும் இதே போல ஏறி இருக்கும். ஏரிக்கு வா என்று அவர் ஏன் சொன்னார் என்று அப்போது தான் புரிந்தது.

உங்களுக்கு இது நேராமல் இருக்க, கண்ட்ரோல் பேனலில் ரீஜியன் பிரிவுக்குச் சென்று இங்கிலீஷ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுங்கள். டைப் செய்யத் தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். தவறாக ஏறிவிட்ட தேதிகள் இந்த மாற்றத்தால் சரியாகாது. இன்னொரு வழி, 2008-01-06 என வருடத்தை முதலில் அடிப்பது. இதில் குழப்பமே வராது. அடித்த தேதி செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்றுக் கொண்டது என்று பொருள். இடது ஓரத்தில் நின்றால் அது வெறும் எழுத்து. சந்தேகம் இருந்தால் மாதப் பெயர் தெரியும்படி பார்மட்டை மாற்றிப் பாருங்கள்.

தமிழில் அடித்த ஷீட்டை வேறு புரோகிராமுக்குக் கொண்டு போக சிஎஸ்வி ஆகச் சேமிப்பதாக இருந்தால், யுடிஎப்-8 என்று குறிப்பிட்டுள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறி நிற்கும்.

வெறும் செல்லும் பூஜ்யமும் ஒன்றா?

நான்கு நாள் கழித்து, பொங்கல் விடுமுறையில் கடைசி நோட்டுகளுக்கு வந்தோம். 2017 ஜனவரியில் ஒரு பக்கம். 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பக்கத்தில் பறவைப் பெயர்கள் வழக்கம் போல வரிசையாக இருந்தன. பல பெயர்களுக்கு எதிரே 0, 0, 0. ஒரு இடத்தில் மட்டும், 'தண்ணீர் இல்லை, கூடு இல்லை.'

"பறவையே இல்லைன்னா எதுக்கு சித்தப்பா இவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"நான் போகலைன்னு யாரும் நினைச்சிடக் கூடாது இல்ல? போனேன், பார்த்தேன், இல்லை. அதுவும் கணக்கு தான்."

இதை எக்ஸெல்லில் ஏற்றும் போது கவனம் தேவை. வெறும் செல் என்றால் பார்க்கவில்லை. 0 என்றால் பார்த்தோம், இல்லை. எக்ஸ் என்றால் இருந்தது, எண்ணவில்லை. மூன்றும் மூன்று விஷயங்கள். வெறும் செல்களில் எல்லாம் பூஜ்யம் போட்டு நிரப்பினால் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதியதாகிவிடும்.

சித்தப்பா ஒவ்வொரு முறையும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதி வைத்திருந்தது இப்போது பயன்பட்டது. இ-பேர்டில் பழைய வருடங்களின் பட்டியலையும் ஏற்றலாம். ஆனால் அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று அது கேட்கும். இந்த விவரம் இருந்தால் தான் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட முடியும். 2023ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை இப்படித் தான் உருவானது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் பதிந்த 3 கோடிக்கும் அதிகமான குறிப்புகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளின் நிலையை ஆராய்ந்தார்கள்.

இப்போது அந்தப் பதினொரு நோட்டும் மூன்று இடங்களில் இருக்கிறது. சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் ஒன்று. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. சென்னையில் என் வீட்டில் ஒன்று. மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். உங்கள் வீட்டில் அழியக் கூடாத எந்த பைலுக்கும் இந்தக் கணக்கை வைத்துக் கொள்ளுங்கள்.

நீங்களும் முயன்று பாருங்கள்

வேடந்தாங்கல் வரை போக முடியாவிட்டால் உங்கள் ஊர் ஏரியோ குளமோ போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்து, பட்டியலை இ-பேர்டில் ஏற்றினால் போதும். பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். தெரிந்ததைச் சரியாக எழுதுங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் தேதியோடு சேமியுங்கள். அடுத்த வருடம் அதே நாளில் அதே இடத்துக்குப் போங்கள். அப்போது தான் முதல் வருடக் குறிப்பின் மதிப்பு தெரியும்.

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். பதினொன்றாவது நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். நான் ஏரிக்கரையில் எழுதிய பக்கங்கள்.

"உன் கையெழுத்து என்னுதை விட மோசம்ப்பா. உனக்கே மறந்து போறதுக்குள்ள இதையும் ஏத்திடு" என்றார்.

அன்று இரவே ஏற்றிவிட்டேன்.